ப்ராஜெக்ட் ஸோம்பாய்ட்: முதல் மாதத்தைத் தாண்டுவது எப்படி?

ப்ராஜெக்ட் ஸோம்பாய்ட் என்ற ஜாம்பி வீடியோ கேமில் புது ஆட்டம் தொடங்கும்போது கறுப்புத் திரையில் மூன்று வரிகள் வரும். நீங்கள் எப்படிச் செத்தீர்கள் என்பதுதான் இந்தக் கதை என்று கடைசி வரி சொல்லிவிடும். கடைசி மிஷன், வில்லன், மீட்க வரும் படை எதுவும் இதில் கிடையாது. சாவு உறுதி. அதை எத்தனை நாள் தள்ளிப்போடுகிறீர்கள் என்பதுதான் ஆட்டமே. 2013 நவம்பரில் ஸ்டீம் என்ற கேம் விற்பனைத் தளத்துக்கு வந்த இந்த கேமை இத்தனை ஆண்டுகள் கழித்தும் ஆட்கள் விடாமல் ஆடுவதற்கு இதுவே காரணம். ஒரு டப்பா உணவும் நான்கு ஆணியும் இவ்வளவு மதிப்பு பெறும் கேம்கள் அதிகம் இல்லை.

கதை நடப்பது அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், நாக்ஸ் கன்ட்ரி என்ற கற்பனைப் பகுதியில். 1993 ஜூலை 9, காலை 9 மணிக்கு உங்கள் ஆள் ஒரு சாதாரண வீட்டில் நிற்பார். பில்டு 41 என்ற பதிப்பு, தனியாள் ஆட்டம், அபோகலிப்ஸ் என்ற விளையாட்டு முறை என்று வைத்துக்கொண்டு எழுதியது இது. 2024 டிசம்பரில் சோதனைக்கு வந்த பில்டு 42-இல் சில எண்கள் மாறியிருக்கின்றன. ஆனால் அடிப்படை ஒன்றுதான்: சத்தம் போட்டவர்களும், மூச்சு வாங்கும்போது சண்டைக்குப் போனவர்களும்தான் இதில் சாகிறார்கள். கீழே உள்ள எல்லாமே இந்த இரண்டையும் அடக்குவதற்கான வழிகள்.

ஊரும் ஆளும்

முதல் ஆட்டத்துக்கு ரோஸ்வுட்டைத் தேர்ந்தெடுங்கள். கூட்டம் குறைவு. தீயணைப்பு நிலையமும் காவல் நிலையமும் அருகருகே இருப்பதால் கோடரி, கனமான உடைகள், துப்பாக்கிகள் கிடைக்க வாய்ப்பு அதிகம். ரிவர்சைடும் பரவாயில்லை. மல்ட்ராவிலும் வெஸ்ட் பாயிண்டிலும் தெருவுக்குத் தெரு கும்பல் நிற்கும். லூயிவில்லுக்கு நன்றாகப் பழகிய பிறகு போகலாம்.

தொழிலில் தச்சர் நல்ல தேர்வு. மரவேலைத் திறன் 3-இலேயே தொடங்குவதால் பின்னால் மழைத்தொட்டி கட்ட இன்னும் ஒரே ஒரு படி ஏறினால் போதும். திருடர் என்றால் சாவி இல்லாமலே வண்டியைக் கிளப்பலாம். மற்றவர்களுக்கு அதற்கு மெக்கானிக் திறன் 2-உம் எலக்ட்ரிக்கல் திறன் 1-உம் வேண்டும். குணங்களில் புகைப்பழக்கம், நல்ல குணங்களை வாங்க 4 புள்ளி தரும். சிகரெட் எளிதில் கிடைக்கும் என்பதால் அனுபவசாலிகள் அதைத் தயங்காமல் எடுப்பார்கள். காது கேளாமை, மந்தமான செவி இரண்டும் புள்ளி தருகின்றன என்று ஆசைப்பட வேண்டாம். பின்னால் வரும் காலடி கேட்காவிட்டால் அந்தப் புள்ளிகளால் ஒரு பயனும் இல்லை.

முதல் மூன்று மணி நேரம்

வீட்டை விட்டு வெளியே ஓடாதீர்கள். ஜன்னல் திரைகளை எல்லாம் மூடுங்கள். திரை இல்லாத ஜன்னலுக்குப் படுக்கை விரிப்பைக் கட்டலாம். பிறகு சமையலறை: கத்தி, வாணலி, டின் ஓப்பனர். டின் ஓப்பனரைக் கண்டதும் எடுத்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் பத்து டப்பா கையில் இருந்தும் பட்டினி கிடந்தவர்கள் உண்டு. முதுகில் மாட்டும் பை ஒன்று கிடைத்துவிட்டால் பாதி கவலை தீர்ந்தது. பையை மாட்டிக்கொண்டால் உள்ளே இருப்பதன் எடை குறைவாகக் கணக்கிடப்படும்.

அடுத்து தண்ணீர். இயல்பான அமைப்பில் முதல் நாளிலிருந்து 30 நாளுக்குள் ஏதோ ஒரு நாள் குழாய் நின்றுவிடும், மின்சாரமும் அப்படியே. எந்த நாள் என்று முன்கூட்டித் தெரியாது. ஆகவே பாட்டில், சட்டி, கிண்ணம் என எது கிடைத்தாலும் இன்றே நிரப்பி வையுங்கள். உணவில் கெட்டுப்போவதை முதலில் சாப்பிடுங்கள். டப்பாவைத் தொடாதீர்கள், இறைச்சியை ஃப்ரீசரில் போடுங்கள்.

12 மணிக்கு டிவி முன்னால் இருக்க வேண்டும். லைஃப் அண்ட் லிவிங் சேனலில் முதல் வாரம் முழுக்க காலை 6-க்குச் சமையல், பகல் 12-க்கு மரவேலை, மாலை 6-க்குக் காட்டில் பிழைப்பது பற்றிய நிகழ்ச்சி. பார்த்தாலே அனுபவப் புள்ளி ஏறும். ஒலியைக் குறைத்து வையுங்கள், டிவி சத்தமும் வெளியே கேட்கும். இடைவெளியில் சுத்தியலும் ரம்பமும் தேடிக்கொண்டு, நாற்காலி, மேசை, அலமாரியைப் பிரித்துப் போட்டால் பலகையும் ஆணியும் கிடைக்கும், மரவேலைத் திறனும் கூடும்.

சண்டை

இங்கேதான் நிதானம் வேண்டும். வலது மவுஸ் பட்டனை அழுத்தினால் ஆள் தாக்கும் நிலைக்கு வருவார். உங்கள் ஆயுதம் எட்டும் தூரத்துக்குள் ஜாம்பி வரும் வரை காத்திருங்கள். வந்ததும் இடது பட்டனால் ஒரு அடி, பிறகு ஓரடி பின்னால். மறுபடி அவன் நெருங்கும்போது இன்னொரு அடி. விழுந்துவிட்டால் தலைப் பக்கம் நின்று அடியுங்கள், கால் பக்கம் நின்றால் அடி வீணாகும். அவன் ரொம்ப நெருங்கிவிட்டால் ஸ்பேஸ் பாரால் தள்ளிவிடுங்கள். ஆயுதமே இல்லாவிட்டாலும், தள்ளி விழவைத்துத் தலையில் மிதித்தே ஒருவனை முடித்துவிடலாம். மெதுவான வேலை, ஆனால் ஒற்றை ஆளுக்குப் போதும்.

அடிக்கடி வரும் தவறு, இரண்டு பேர் வரும்போது இருவரையும் மாறி மாறி அடிப்பது. அபோகலிப்ஸ் முறையில் ஒரு வீச்சு ஒருவன் மேல்தான் படும். ஒருவனைத் தள்ளிவிட்டு மற்றவனை முடியுங்கள். மூன்று பேருக்கு மேல் என்றால் சண்டையே வேண்டாம், நடந்து விலகுங்கள். ஓட வேண்டியதில்லை. ஓட்டம் சத்தம் போடும், மூச்சையும் தின்னும். அவர்கள் வழியைத் தவறவிட, இரண்டு வீட்டு மூலை திரும்பினால் பெரும்பாலும் போதும்.

தாழ்வான வேலி ஒன்று கிடைத்தால் கும்பலையும் சமாளிக்கலாம். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அவர்களைக் கவருங்கள். ஏறிக் குதிக்கும் ஒவ்வொருவனும் குப்புற விழுவான். எழுவதற்குள் தலையில் ஒன்று. நான்கைந்து பேரைச் சிராய்ப்பில்லாமல் முடிக்க இதைவிட எளிய வழி இல்லை. வேலிக்கு மிக அருகில் மட்டும் நிற்காதீர்கள், விழுகிறவன் உங்கள் மேலேயே விழுவான்.

ஒவ்வொரு வீச்சுக்கும் மூச்சு குறையும். திரையின் வலது ஓரத்தில் களைப்பு மூடில் (ஆளின் நிலையைக் காட்டும் சின்னம்) வந்ததும் அடியின் பலம் இறங்கத் தொடங்கிவிடும். நேற்று மூன்று அடியில் விழுந்தவனுக்கு இன்று ஏழு அடி ஏன் வேண்டியிருக்கிறது என்றால் இதுதான் காரணம். மூடில் இரண்டாம் நிலைக்குப் போகும் முன்பே விலகி, மூடிய அறையில் தரையில் உட்காருங்கள். நிற்பதைவிட உட்காரும்போது மூச்சு வேகமாகத் திரும்பும். சுமை அதிகமானாலும் இதே கதை. பையில் பத்து சுத்தியலோடு சண்டைக்குப் போகாதீர்கள்.

ஆயுதத்தில் குரோபார் நெடுநாள் உழைக்கும். கோடரி சீக்கிரம் கொல்லும், ஆனால் சீக்கிரம் தேயும். துப்பாக்கி முதல் மாதத்துக்கு ஆகாது. ஒருவனைச் சுட்டால் தெருவே திரும்பிவிடும், ஷாட்கன் என்றால் பக்கத்துத் தெருவும் சேர்ந்து வரும். வீட்டு அலாரமும் கார் அலாரமும் இதே ரகம்தான். ஜன்னலைத் திறந்ததும் அலாரம் அடித்தால் எதையும் எடுக்க நிற்காமல் ஓடுங்கள். உடைந்த ஜன்னல் வழியாக நுழைய வேண்டியிருந்தால் முதலில் கண்ணாடித் துண்டுகளை அகற்றுங்கள். இல்லாவிட்டால் கை கிழிந்து, சண்டை இல்லாமலே ரத்தம் சிந்த வேண்டியிருக்கும்.

உள்ளே நுழையும் முன் கதவருகே நின்று ஒரு முறை கத்துங்கள், கியூ விசைதான். உள்ளே யாராவது இருந்தால் சத்தம் வந்த பக்கம் தட்டுவார்கள். குளியலறையையும் அலமாரி அறையையும் திறக்கும்போது எப்போதும் ஆயுதத்தை உயர்த்தியே திறங்கள். பெரும்பாலான கடிகள் அங்கேதான் நடக்கின்றன.

காயம் பட்டால்

சிராய்ப்பு என்றால் தொற்றும் வாய்ப்பு 7 சதவீதம். தோல் கிழிந்தால் 25. கடி என்றால் 100, அதற்கு மருந்து இல்லை. எது பட்டாலும் முதலில் கட்டுப் போடுங்கள், கிழித்த துணி போதும். டிஸ்இன்ஃபெக்டண்டோ சாராயமோ இருந்தால் காயத்தில் ஊற்றிவிட்டுக் கட்டுங்கள். கட்டு அழுக்கானால் மாற்றுங்கள். சாதாரணக் காயத்தில் சீழ் பிடித்தாலும் காயத்தில் தொற்று என்றே வரும். அது ஜாம்பித் தொற்று இல்லை, கொல்லவும் செய்யாது. அதைப் பார்த்து பதறி ஆட்டத்தையே கலைத்தவர்கள் பலர்.

ஜாம்பித் தொற்று என்றால், கெட்ட உணவு சாப்பிடாமலே குமட்டல் மூடில் வரும், பிறகு காய்ச்சல், இரண்டு மூன்று நாளில் முடிவு. ஒரு சிராய்ப்புக்குப் பின் காத்திருக்கும் அந்த இரண்டு நாள்தான் இந்த கேமின் உச்சம் என்று சொல்வேன். சமைக்கும்போதும் மனம் அந்த வலது ஓரத்திலேயே இருக்கும்.

உடையும் காப்பாற்றும். தோல் ஜாக்கெட், தீயணைப்பு வீரர் சட்டை போன்றவற்றுக்குச் சிராய்ப்பையும் கடியையும் தடுக்கும் சதவீதம் தனித்தனியே காட்டப்படும். ஊசி, நூல், தோல் துண்டு இருந்தால் ஓட்டையை ஒட்டுப் போடலாம். ஆனால் ஜூலை வெயிலில் தடித்த உடையோடு ஓடினால் தாகமும் களைப்பும் கூடும்.

வீடு

இரண்டு மாடி வீடு வேண்டும். ஜன்னலின் ஒரு பக்கத்தில் அதிகபட்சம் 4 பலகை அடிக்கலாம், ஒவ்வொன்றுக்கும் 2 ஆணி. இது ஜாம்பிகளை நிறுத்தாது, தாமதப்படுத்தும். ஆகையால் மேல்மாடியில் இரண்டு எதிரெதிர் ஜன்னல்களில் துணிக்கயிறு கட்டி வையுங்கள். படுக்கை விரிப்பில் செய்த கயிறு, சுத்தியல், ஆணி போதும். ஒன்றின் கீழே கும்பல் நின்றால் மற்றது வழி. சம்மட்டி கிடைத்தால் மாடிப்படியையே இடித்துவிட்டுக் கயிற்றிலேயே ஏறி இறங்கலாம். அதன்பின் மேலே யாரும் ஏற மாட்டார்கள்.

அடுப்பில் எதையாவது வைத்துவிட்டு வெளியே போகாதீர்கள். கருகித் தீப்பிடித்தால் வீடும் நிரப்பி வைத்த தண்ணீரும் சேர்ந்து போகும். மைக்ரோவேவில் உலோகப் பாத்திரம் வைத்தாலும் அதே முடிவு.

ஹெலிகாப்டர்

பெரும்பாலும் 6-ஆம் நாளிலிருந்து 9-ஆம் நாளுக்குள் ஒரு ஹெலிகாப்டர் வரும். உதவிக்கு என்று நினைத்துக் கையாட்டாதீர்கள். அது உங்களைத் தேடிச் சுற்றும், அதன் சத்தம் சுற்றுவட்டாரத்து ஜாம்பிகளை எல்லாம் உங்களிடம் இழுத்து வரும். ரேடியோ ஒன்றை எடுத்து அவசர ஒலிபரப்பைத் தேடிப் பிடியுங்கள். அதன் அலைவரிசை ஒவ்வொரு ஆட்டத்திலும் மாறும். வானில் நடமாட்டம் உண்டு என்று சொல்லும் நாளில் வீட்டை விட்டு நகராமல், திரைகளை மூடி உள்ளேயே இருங்கள். ஏற்கெனவே வெளியே மாட்டிக்கொண்டால் உங்கள் கோட்டைக்குத் திரும்பாதீர்கள், கும்பலைக் கூட்டிக்கொண்டு வீடு சேர்ந்ததுபோல் ஆகும். வேறு கட்டடத்தில் நுழைந்து அது போகும் வரை இருங்கள்.

விளக்கு அணைந்த பிறகு

ஜெனரேட்டர் இயக்கும் முறையைச் சொல்லும் பத்திரிகையை முன்பே படித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கருவி கையில் இருந்தும் இணைக்க முடியாது. எலக்ட்ரீஷியன் தொழிலுக்கு மட்டும் விலக்கு. புத்தகக் கடைகளிலும் வீட்டுப் புத்தக அலமாரிகளிலும் தேடுங்கள். ஜெனரேட்டரைச் சுவருக்கு வெளியே வையுங்கள். வீட்டுக்குள் ஓடவிட்டால் புகையே கொன்றுவிடும். சுற்றிலும் 20 கட்டம் வரை மின்சாரம் போகும், சத்தமும் போகும்.

பெட்ரோல் பம்புகளுக்கும் மின்சாரம் வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். விளக்கு எரியும் நாட்களிலேயே கேன்களை நிரப்பி வையுங்கள். தவறவிட்டால் நின்றுகிடக்கும் கார்களிலிருந்து ஒவ்வொன்றாக உறிஞ்சி எடுக்க வேண்டும், அல்லது பம்புக்குப் பக்கத்தில் ஒரு ஜெனரேட்டரைக் கொண்டுபோய் வைக்க வேண்டும்.

தண்ணீருக்கு மழைத்தொட்டி: மரவேலைத் திறன் 4, பலகை 4, ஆணி 4, குப்பைப் பை 4. கொள்ளளவு 160 அலகு. குப்பைப் பைதான் எப்போதும் பற்றாக்குறையாகும், எங்கு பார்த்தாலும் எடுத்துவையுங்கள். தொட்டித் தண்ணீரை அப்படியே குடித்தால் நோய் வரும். காய்ச்சிக் குடிக்கலாம். அல்லது தொட்டியை மேல்மாடியில் வைத்து, நேர் கீழே உள்ள சிங்க்கோடு பைப் ரெஞ்சால் இணைத்தால் சுத்தமாக வரும்.

28-ஆம் நாள் வரை கூட்டம் ஏறிக்கொண்டே போகும், தொடக்கத்தைப் போல ஒன்றரை மடங்கு வரை. நீங்கள் காலிசெய்த தெருவும் நீண்ட நேரம் பார்க்காமல் விட்டால் மறுபடி நிரம்பும். ஊரைச் சுத்தம் செய்து குடியேறுவதுதான் உங்களுக்குப் பிடித்தது என்றால், விதிகளை நாமே மாற்றிக்கொள்ளும் சாண்ட்பாக்ஸ் அமைப்பில், ஜாம்பிகள் மறுபடி தோன்றும் நேரமான 72 மணியை 0 ஆக்கிவிடுங்கள். அது ஏமாற்று வேலை இல்லை, அமைப்புகள் அதற்காகத்தான் இருக்கின்றன.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு நாள் கடி படும். அப்போது ஆட்டத்தை அழித்துவிடாதீர்கள். கடைசி இரண்டு நாளில் பொருள்களையெல்லாம் வீட்டுப் பெட்டிகளில் அடுக்கிவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, வீட்டிலிருந்து விலகிப் போய்ச் சாகுங்கள். பிறகு அதே உலகத்தில் புது ஆளை உருவாக்கலாம். நீங்கள் கட்டிய தொட்டி, அடித்த பலகை எல்லாம் அப்படியே இருக்கும். பழைய ஆள் எங்கோ பக்கத்தில் எழுந்து நடந்துகொண்டிருப்பார், அதே சட்டையில், அதே பையை மாட்டிக்கொண்டு. பை வேண்டுமென்றால் தாழ்வான வேலி ஒன்றைப் பார்த்து நின்று அவரைக் கூப்பிடுங்கள்.