பழைய கார் சூடாகிறதா? எப்போது சூடாகிறது என்று முதலில் பாருங்கள்

பெங்களூர் சில்க் போர்டு சிக்னலில் நிற்கும்போது டெம்பரேச்சர் முள் ஏறுகிறது, ஓசூர் ரோட்டில் வேகம் எடுத்ததும் இறங்கிவிடுகிறது என்றால் உடனே புது ரேடியேட்டர் வாங்க ஜே.சி. ரோட்டுக்குக் கிளம்ப வேண்டாம். அநேகமாக ரேடியேட்டர் மேல் தப்பில்லை.

முதலில், இன்ஜின் நன்றாக ஆறின பிறகு (சூட்டில் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும், விளையாட்டில்லை) கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) அளவைப் பாருங்கள். குறைந்திருந்தால் கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி கலந்து ஊற்றுங்கள். போர்வெல் தண்ணீர் மட்டும் வேண்டாம், உள்ளே உப்புப் படிந்து குழாய்களை அடைத்துவிடும்.

அடுத்து ரேடியேட்டர் மூடி. யாரும் கவனிக்காத பொருள், விலையும் குறைவு. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே வெறும் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடி உள்ளே 0.9 பார் அழுத்தம் பிடித்து வைத்தால்தான் அந்தக் கொதிநிலை 115 டிகிரியைத் தாண்டும். ரப்பர் வெடித்திருந்தாலோ ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ மாற்றிவிடுங்கள், பழைய மூடியில் எழுதியிருக்கும் அதே அழுத்த அளவுதான் வாங்க வேண்டும்.

சரி, இப்போது ஃபேன். டிராஃபிக்கில் மட்டும் சூடாகும் வண்டியில் முதல் சந்தேகம் இதன் மேல்தான், ஏனென்றால் ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடும், நின்றால் ஃபேனை விட்டால் வேறு வழியில்லை. வண்டியை நிறுத்தியபடியே இன்ஜினை ஓடவிட்டு, முள் பாதியைத் தாண்டும்போது ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள். சுற்றவில்லையா, வண்டியை அணைத்துவிட்டு முதலில் ஃப்யூஸ், அப்புறம் ரிலே (ஃபேனுக்குக் கரண்ட் விடும் ஸ்விட்ச்). இரண்டும் நன்றாக இருந்தால் ஃபேன் மோட்டாருக்கு பேட்டரியிலிருந்து நேராக 12 வோல்ட் கொடுத்துப் பாருங்கள்: சுற்றினால், சூடேறியதும் ஃபேனை ஓடவைக்கும் தெர்மோ ஸ்விட்சையோ அதன் வயரையோ பாருங்கள், சுற்றாவிட்டால் மோட்டார் போய்விட்டது. சில வண்டிகளில் இன்ஜின் அணைந்த பிறகும் ஃபேன் திடீரென்று சுற்றும், விரல் பத்திரம். ஏசிக்குத் தனி ஃபேன் இருக்கும் வண்டியில் அது சுற்றுவதைப் பார்த்து ஏமாறவும் வேண்டாம்.

நந்தி ஹில்ஸ் ஏற்றத்திலோ ஹைவேயிலோ சூடானால்தான் ரேடியேட்டர் அடைப்பைச் சந்தேகிக்கலாம். கிளப்பிய கொஞ்ச நேரத்திலேயே முள் எகிறி, ரேடியேட்டரின் மேல் ஹோஸ் மட்டும் சூடேறாமல் இருந்தால், சூடானதும் கூலன்டை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட் வால்வு திறக்கவில்லை என்று அர்த்தம். கழற்றி வெந்நீரில் போடுங்கள், பெரும்பாலும் 82 முதல் 88 டிகிரிக்குள் திறக்கத் தொடங்க வேண்டும். "அதைக் கழற்றிப் போட்டுட்டு ஓட்டுங்க சார்" என்று சொல்லும் மெக்கானிக்கை நம்பாதீர்கள், இன்ஜின் சரியான சூட்டுக்கு வராமல் பெட்ரோலைக் குடிக்கும்.

வெளியே ஒரு சொட்டுக்கூட ஒழுகாமல் கூலன்ட் குறைந்துகொண்டே போய், சைலன்சரில் விடாமல் வெள்ளைப் புகை வந்தால், ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். ஆயில் பால் காபி நிறத்தில் இருந்தால் ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) போயிருக்க வாய்ப்பு அதிகம். வண்டியை ஓட்டிக்கொண்டு போகாமல் டோ பண்ணித்தான் ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்ப வேண்டும்.