கிரேட் பேர் ஏரியை வரைபடத்தில் படிப்பது எப்படி?

ஓர் இணைய வரைபடமும் அரை மணி நேரமும் போதும்.

படி 1: ஏரியைத் தேடுங்கள். 'பேர் லேக்' என்று மட்டும் தட்டினால் அமெரிக்காவின் யூட்டா, ஐடஹோ எல்லைக்குப் போய்விடும். நானும் முதலில் அங்கேதான் போய் நின்றேன். முன்னால் 'கிரேட்' சேர்த்தால் கனடாவின் வடமேற்குப் பிரதேசங்கள் வரும். ஆர்க்டிக் வட்டக் கோடு ஏரியின் வடபகுதியை வெட்டிப் போகிறதா? சரி, இடம் அதுதான்.

படி 2: அளவில் ஏமாறாதீர்கள். தட்டையான இணைய வரைபடங்கள் துருவப் பக்கத்தை இழுத்துப் பெரிதாக்கிக் காட்டும். இந்த அட்சரேகையில் பரப்பு ஏறக்குறைய ஆறு மடங்கு ஊதித் தெரியும். உண்மையில் சுமார் 31,000 சதுர கி.மீ., கிட்டத்தட்ட பெல்ஜியம் அளவு. அதுவே பெரிதுதான்: முழுக்கக் கனடாவுக்குள் அடங்கும் ஏரிகளில் இதைவிடப் பெரியது இல்லை.

படி 3: ஐந்து கைகளை, அதாவது ஏரியிலிருந்து நீளும் விரிகுடாக்களை எண்ணுங்கள். கீத், ஸ்மித், டீஸ், மெக்டாவிஷ், மெக்விகர். எல்லாம் ரோமத்தோல் வணிகத்தில் இருந்தவர்களின் பெயர்கள். 1825-27ல் இங்கே குளிர்காலங்களைக் கழித்த ஆங்கிலேய ஆய்வுப் பயணி ஜான் பிராங்க்ளின் பயணத்தின் மிச்சம் இது. டீஸ் அவருக்காகக் கோட்டை கட்டிக்கொடுத்தவர். மற்றவர்களைத் தெரியாவிட்டாலும் நஷ்டமில்லை.

படி 4: தண்ணீர் வெளியேறும் வாயைப் பிடியுங்கள். தென்மேற்கில் கீத் கையின் முனைக்கு வாருங்கள். ஏரிக்கரையின் ஒரே ஊரான டெலினே அங்கே இருக்கிறது. பழைய வரைபடமாக இருந்தால் 'ஃபோர்ட் பிராங்க்ளின்' என்று போட்டிருக்கும், 1993ல்தான் மாறியது. டெலினே என்றால் தண்ணீர் பாயும் இடம். அங்கிருந்து பேர் ஆற்றைப் பிடித்துக்கொண்டே போனால் அது மெக்கன்சி ஆற்றோடு சேரும் இடத்தில் துலிதா வரும். அந்தப் பெயருக்கும் தண்ணீர்கள் கூடும் இடம் என்றே பொருள். ஊர்ப் பெயர்களே வழி சொல்கின்றன, பாருங்கள்.

படி 5: இப்போது பெயரை உடையுங்கள். எனக்கு மிகவும் பிடித்த படி இதுதான். இங்குள்ள பூர்வகுடிகளான டெனே மக்கள் ஏரியைச் 'சாத்து' என்பார்கள். 'சா' கரடி (ஆங்கிலப் பெயரில் உள்ள 'பேர்' என்பதும் கரடிதான்), 'து' தண்ணீர் அல்லது ஏரி. துலிதாவின் முதலெழுத்தும் அதே 'து'தான். 'டே' என்றால் ஆறு. ஆகவே பேர் ஆறு 'சாத்துடே'. தெற்கே உள்ள டெனே மக்கள் மெக்கன்சியை 'டேசோ' என்கிறார்கள். 'சோ' பெரியது. மீதியை நீங்களே சேர்த்துக்கொள்வீர்கள்.

அப்புறம் ஒரு பயிற்சி. அப்படியே தெற்கே இறங்கி கிரேட் ஸ்லேவ் ஏரிக்குப் போங்கள். டெனே மொழிகளில் ஒன்றான சிபெவயனில் அதன் பெயர் 'து நெதே'. முதல் பாதிக்கு என்னைக் கேட்க வேண்டியதில்லை.