பேக்கேஜ் நிறுவும்போது ‘பெர்மிஷன் டினைடு’ வருகிறதா? சூடோ போடாமல் சரிசெய்யலாம்

பைத்தான் படிக்க ஆரம்பித்த முதல் வாரத்திலேயே பலர் முட்டிக்கொண்டு நிற்கும் இடம் இது. பிறர் எழுதிய நிரல்தொகுப்புகளை, அதாவது பேக்கேஜ்களை, நிறுவும் கருவி ‘பிப்’. ‘பிப் இன்ஸ்டால்’ என்று அடித்ததும் நாலைந்து வரி ஓடும். கடைசியில் ‘எர்நோ 13, பெர்மிஷன் டினைடு’ என்று வந்து நிற்கும். யாரைக் கேட்டாலும் “முன்னால சூடோ சேர்த்து அடி” என்பார்கள். சூடோ என்பது ஒரு கட்டளையைக் கணினி நிர்வாகியின் அதிகாரத்தோடு ஓட்டும் சொல் (எஸ், யு, டி, ஓ). தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

கட்டளைகளை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடியுங்கள்.

முதலில் பிழைச்செய்தியை முழுசாகப் படியுங்கள். அதிலேயே ஒரு ஃபோல்டரின் பாதை இருக்கும். அந்தப் பாதையை காப்பி செய்து இப்படி அடியுங்கள்:

எல்எஸ் -எல்டி பாதை

வரும் வரியில் மூன்றாவதாக இருப்பது உரிமையாளர் பெயர். அங்கே ‘ரூட்’ (முழு அதிகாரமுள்ள நிர்வாகிக் கணக்கு) என்று இருந்தால் அது சிஸ்டத்தின் ஃபோல்டர். லினக்ஸின் பல கருவிகள் பைத்தானில் எழுதப்பட்டவை. சூடோவோடு நீங்கள் போடும் புதிய பதிப்பு அவற்றின் வழியில் குறுக்கே வந்து, ஏதாவது ஒன்று ஓடாமல் போகலாம். அதைவிடப் பெரிய ஆபத்து இன்னொன்று. சில பேக்கேஜ்கள் நிறுவும்போதே தங்கள் நிரலை ஓட்டும். சூடோ போட்டால், முன்பின் தெரியாத ஒருவர் எழுதிய அந்த நிரலுக்குக் கணினியின் முழு அதிகாரமும் போய்விடுகிறது.

டெபியன் 12, உபுண்டு 23.04 முதல் சிஸ்டத்தின் பைத்தானில் நேரடியாக நிறுவுவதை பிப் தானாகவே தடுத்து, ‘எக்ஸ்டர்னலி மேனேஜ்டு என்விரான்மென்ட்’ என்று சொல்லும். அதற்கும் கீழே சொல்லும் தீர்வுதான்.

சரி, தீர்வுக்கு வருவோம். உங்கள் பிராஜெக்டுக்கென்று ஒரு தனிச் சூழல் வேண்டும், அதாவது சிஸ்டத்தைத் தொடாமல் பேக்கேஜ்களை வைத்துக்கொள்ளும் தனி ஃபோல்டர். இதற்கான வசதி பைத்தான் 3.3 முதல் கூடவே வருகிறது. பிராஜெக்ட் ஃபோல்டருக்குள் போய்:

பைத்தான்3 -எம் வென்வ் என்வ்

‘வென்வ்’ என்பது வி, இ, என், வி. கடைசியில் உள்ள ‘என்வ்’ நாம் ஃபோல்டருக்கு வைக்கும் பெயர். உபுண்டுவில் இங்கேயே பிழை வந்தால் ‘சூடோ ஆப்ட் இன்ஸ்டால் பைத்தான்3-வென்வ்’ என்று ஒருமுறை போடுங்கள். ஆப்ட் என்பது மென்பொருள் நிறுவ சிஸ்டத்தோடு வரும் சொந்தக் கருவி என்பதால் இங்கே சூடோ சரி. அப்புறம்:

சோர்ஸ் என்வ்/பின்/ஆக்டிவேட்

வரியின் தொடக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ‘என்வ்’ என்று தெரியும். இப்போது ‘விச் பிப்’ என்று அடித்துப் பாருங்கள். பாதை உங்கள் ஃபோல்டருக்குள்ளேயே இருந்தால் வேலை முடிந்தது. பிப் இன்ஸ்டால் தடையில்லாமல் ஓடும். விண்டோஸில் ‘பின்’ இடத்தில் ‘ஸ்கிரிப்ட்ஸ்’ என்ற ஃபோல்டர் இருக்கும். புது டெர்மினல் திறக்கும்போதெல்லாம் மறுபடி ஆக்டிவேட் செய்ய வேண்டும். இதை மறந்துவிட்டுத்தான் பலர் “நேத்து வேலை செஞ்சுதே!” என்று திணறுகிறார்கள்.

சூழலை உருவாக்கும்போதே சூடோ போட்டிருந்தால் அந்த ஃபோல்டரும் ரூட்டுக்குச் சொந்தமாகிவிடும். அதே பிழை திரும்ப வரும். அதை அழித்துவிட்டு, சூடோ இல்லாமல் புதிதாக உருவாக்குங்கள்.

ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட்.ஜேஎஸ் பயன்படுத்துபவர்களுக்கு, அதன் பேக்கேஜ் நிறுவும் கருவியான என்பிஎம்மில் ‘ஈஅக்செஸ்’ என்று வருவதும் இதே மாதிரியான அனுமதிப் பிழைதான். முன்பு எப்போதோ சூடோ என்பிஎம் போட்டதால் ஹோம் ஃபோல்டரில் உள்ள அதன் கேஷ் (தற்காலிகச் சேமிப்பு ஃபோல்டர்) ரூட்டிடம் போயிருக்கலாம். உரிமையை மீட்க:

சூடோ சிஎச்ஓன் -ஆர் பயனர்பெயர் ~/.என்பிஎம்

‘சிஎச்ஓன்’ என்பது சி, எச், ஓ, டபிள்யூ, என். இதில் ‘ஆர்’ மட்டும் பெரிய எழுத்து. பயனர்பெயர் என்ற இடத்தில் உங்கள் பெயரைப் போடுங்கள். பாதையை இரண்டு முறை சரிபார்த்த பிறகே என்டரைத் தட்டுங்கள். இதே கட்டளையை சிஸ்டத்தின் நிரல்கள் இருக்கும் ‘யுஎஸ்ஆர்’ ஃபோல்டர் மீது ஓட்டினால் சூடோ நிரலே ரூட்டின் கையைவிட்டுப் போய்விடும். அப்புறம் தவறைத் திருத்தக்கூட சூடோ ஓடாது.