பூட்டிய போனில் வீட்டார் எண்: யார் கையில் எடுத்தாலும் தெரியும்படி வைக்கும் முறை

என் மச்சினன் திருச்சியிலிருந்து மதுரைக்கு பைக்கில் போனபோது துவரங்குறிச்சி தாண்டி விழுந்துவிட்டான். நாய் குறுக்கே வந்திருக்கிறது. பின்னால் வந்த லாரி டிரைவர் வண்டியை ஓரங்கட்டி, 108-க்குச் சொல்லி, ஆம்புலன்ஸ் வரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். மச்சினனுக்கு நினைவில்லை. சட்டைப்பையில் இருந்த போனுக்கு ஒரு கீறல்கூட இல்லை, ஆனால் பேட்டர்ன் லாக். யாருக்குச் சொல்வதென்று தெரியாமல், யாராவது கூப்பிடட்டும் என்று அந்த மனிதர் போனைக் கையில் வைத்துக்கொண்டே இருந்திருக்கிறார். "போய்ச் சேர்ந்துட்டியாப்பா?" என்று கேட்க என் மாமியார் அழைத்தபோதுதான் எங்களுக்கு விஷயம் தெரிந்தது. அதற்குள் ஒன்றேகால் மணி நேரம் ஓடிவிட்டது.

தோள்பட்டை எலும்பு முறிவோடு பிழைத்துக்கொண்டான், இப்போது நலம். ஆனால் அவனுக்குப் பெனிசிலின் ஊசி ஒத்துக்கொள்ளாது. நாங்கள் போய்ச் சொல்லும்வரை அது அங்கே யாருக்கும் தெரியாது. நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

அடுத்த இரண்டு வாரத்தில் எங்கள் குடும்பத்தில் எட்டுப் போன்களில் இந்த ஏற்பாட்டைச் செய்து முடித்தேன். அதில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். தனியாக எந்த ஆப்பும் இறக்க வேண்டாம். போனின் ஆப் ஸ்டோரில் தேடினால் நிறையக் கிடைக்கும். மூன்றைப் போட்டுப் பார்த்துவிட்டு நீக்கினேன். விளம்பரம் வருகிறது, காண்டாக்ட் முழுவதையும் படிக்க அனுமதி கேட்கிறது. போனோடு வரும் வசதியே போதும்.

முதலில்: யாருடைய எண்?

இதை உட்கார்ந்து யோசித்துவிட்டுப் போனைத் தொடுங்கள். எல்லோரும் உடனே மனைவி அல்லது கணவர் எண்ணைப் போடுகிறோம். சரிதான். ஆனால் இரண்டு பேரும் ஒரே பைக்கில் போகிறீர்களே? அதனால் இரண்டாவதாக, உங்களோடு பயணம் செய்யாத ஒருவரின் எண் கட்டாயம் வேண்டும். அண்ணன், சித்தப்பா, நெருங்கிய நண்பர் என்று யாராகவும் இருக்கலாம். செய்தி கேட்டால் பதறி உட்கார்ந்துவிடாமல் கிளம்பக்கூடியவராக இருக்க வேண்டும். வயதான பெற்றோரை முதல் எண்ணாக வைக்க வேண்டாம் என்பது என் கருத்து.

அப்புறம், அவரிடம் சொல்லிவிடுங்கள். "உன் நம்பரை அவசரத்துக்கு வைத்திருக்கிறேன், தெரியாத எண்ணிலிருந்து வந்தாலும் எடு" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். உதவிக்கு வருகிறவர் பெரும்பாலும் தன் போனிலிருந்துதான் அழைப்பார். தெரியாத எண்களை எடுக்காதவர்களும், அவற்றின் ஒலியை அடைத்து வைத்திருப்பவர்களும் இப்போது அதிகம்.

காண்டாக்டைச் சரிசெய்வது

அந்த எண்கள் முதலில் உங்கள் காண்டாக்டில் ஒழுங்காக இருக்க வேண்டும். "செல்லம்", "குட்டிமா", "பாஸ்" என்ற பெயர்களில் இருந்தால் பார்ப்பவருக்கு உறவு புரியாது. "அண்ணன் – அவசரம்" என்பதுபோல மாற்றுங்கள். எண்ணுக்கு முன்னால் +91 சேர்த்துவிடுங்கள். வெளிநாட்டில் இருக்கும்போதும் அழைப்பு போகும்.

ஐசிஇ என்ற மூன்றெழுத்தைப் போடச் சொல்லிப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 'இன் கேஸ் ஆஃப் எமர்ஜென்சி' என்பதன் சுருக்கம் அது. இங்கிலாந்தில் ஆம்புலன்ஸ் பணியாளராக இருந்த பாப் பிராட்சி 2005-ல் முன்வைத்த யோசனை. அந்த ஆண்டு ஜூலை 7 லண்டன் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு அது உலகம் முழுக்கப் பரவியது. நல்ல யோசனைதான். ஆனால் அன்றைய போன்களில் காண்டாக்டைத் திறக்கப் பெரும்பாலும் பூட்டு இருக்காது. இன்றைக்குக் காண்டாக்டில் என்ன பெயர் போட்டாலும் அது பூட்டுக்குள்ளேதான் கிடக்கிறது. அதனால் அடுத்த படிதான் முக்கியம்.

ஆண்ட்ராய்டு போனில்

செட்டிங்ஸில் 'சேஃப்டி அண்ட் எமர்ஜென்சி' என்று ஒரு பகுதி இருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி இடம் மாறும் என்பதால், செட்டிங்ஸின் மேலே உள்ள தேடல் பெட்டியில் 'எமர்ஜென்சி' என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். போன் தமிழில் இருந்தால் 'அவசர' என்று தட்டுங்கள். உள்ளே இரண்டு இடங்களை நிரப்ப வேண்டும்: மருத்துவத் தகவல், அவசரத் தொடர்புகள்.

மருத்துவத் தகவலில் எல்லோரும் இரத்த வகையைத்தான் முதலில் போடுகிறோம். போடுங்கள், தவறில்லை. ஆனால் மருத்துவமனையில் அதைச் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் இரத்தம் ஏற்றுவார்கள். சோதனையில் உடனே தெரியாத விஷயங்களை எழுதுவது அதைவிட முக்கியம்: எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறீர்களா, இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா, பேஸ்மேக்கர் இருக்கிறதா, வலிப்பு உண்டா. மாத்திரையின் பெயரை அட்டையைப் பார்த்து ஆங்கிலத்திலேயே எழுதுங்கள்.

ஆதார் எண், முழு முகவரி, பிறந்த தேதி ஆகியவை வேண்டாம். இந்தப் பக்கத்தைப் போனை எடுத்த யாரும் பார்க்கலாம், திருடனும் பார்க்கலாம்.

நான் தடுக்கி விழுந்த இடம் இனிமேல்தான் வருகிறது, கவனமாகப் படியுங்கள். எல்லாவற்றையும் நிரப்பி, சேமித்து, வேலை முடிந்தது என்று இருந்தேன். மூன்று நாள் கழித்து ஏதோ தோன்ற, போனைப் பூட்டி, எட்டாவது படிக்கும் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்து, "நான் மயங்கி விழுந்துட்டேன்னு வெச்சுக்கோ, எங்க வீட்டு நம்பரை இதுல கண்டுபிடிம்மா" என்றேன். கெட்டிக்காரப் பெண். 'எமர்ஜென்சி கால்' என்பதைத் தானாகவே தொட்டாள். உள்ளே எண்களை அழுத்தும் திரை வந்தது. அவ்வளவுதான். நான் நிரப்பிய எதுவும் அங்கே இல்லை.

காரணம் ஒரு சின்ன சுவிட்ச். தகவலைச் சேமிப்பது ஒன்று, பூட்டிய திரையில் அதைக் காட்ட அனுமதிப்பது வேறொன்று. 'ஷோ ஆன் லாக் ஸ்கிரீன்', 'ஷோ வென் லாக்டு', 'அலவ் ஆக்சஸ் டு எமர்ஜென்சி இன்ஃபர்மேஷன்' என்று போனுக்குப் போன் பெயர் மாறும். என் போனில் அது அணைந்தே இருந்தது. மருத்துவத் தகவலுக்கு ஒன்று, தொடர்புகளுக்கு ஒன்று என்று இரண்டு சுவிட்சுகள் தனித்தனியாக இருக்கும் போன்களும் உண்டு. இரண்டையும் பாருங்கள். அதே பக்கத்தில் மேலும் கீழும் நகர்த்தித் தேடினால் கிடைக்கும்.

சுவிட்சைப் போட்டபின் மறுபடியும் அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். எமர்ஜென்சி கால், அதற்குள் 'எமர்ஜென்சி இன்ஃபர்மேஷன்', அதைத் தொட்டதும் என் அண்ணன் பெயர் வந்துவிட்டது. பெயரைத் தொட்டால் பூட்டைத் திறக்காமலே அழைப்பும் போகிறது. மாமியாரின் பழைய போனில் 'எமர்ஜென்சி இன்ஃபர்மேஷன்' என்ற எழுத்தை ஒருமுறை தொட்டால் போதவில்லை, இரண்டாவது முறையும் தொட வேண்டியிருந்தது. அப்படி இருந்தால் பதற்றத்தில் இருப்பவர் விட்டுவிடக்கூடும். அதனால்தான் லாக் ஸ்கிரீன் வரியை இதோடு சேர்த்துச் செய்யச் சொல்கிறேன், கீழே வருகிறது.

ஐபோனில்

ஹெல்த் ஆப்பைத் திறந்து, மேலே வலப்பக்கம் உள்ள உங்கள் படத்தைத் தொட்டு, 'மெடிக்கல் ஐடி' போய், 'எடிட்' கொடுங்கள். நிரப்புங்கள். 'ஷோ வென் லாக்டு' பச்சையாக இருக்கிறதா பாருங்கள். பூட்டிய திரையில் 'எமர்ஜென்சி' தொட்டு, கீழே 'மெடிக்கல் ஐடி' தொட்டால் வரும். ஐபோனில் கூடுதலாக ஒன்று உண்டு: எஸ்ஓஎஸ் வழியாக அவசர அழைப்பு போனால், அது முடிந்தபின் நீங்கள் தடுக்காவிட்டால், இந்தத் தொடர்புகளுக்கு உங்கள் இருப்பிடத்தோடு செய்தி தானாகப் போகும்.

லாக் ஸ்கிரீனில் ஒரு வரி

ஒரே ஒரு வேலைதான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள் என்பேன். மேலே சொன்ன எமர்ஜென்சி பக்கம் இருப்பதே நம் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது, அந்த லாரி டிரைவருக்கும் தெரியவில்லை. திரையை எழுப்பியவுடன் கண்ணில் படும் எண்ணுக்கு யாரும் எதையும் கற்றிருக்கத் தேவையில்லை.

ஆண்ட்ராய்டில் டிஸ்ப்ளே, லாக் ஸ்கிரீன், 'ஆட் டெக்ஸ்ட் ஆன் லாக் ஸ்கிரீன்' என்று போகும். சாம்சங்கில் லாக் ஸ்கிரீன் பகுதிக்குள் 'காண்டாக்ட் இன்ஃபர்மேஷன்' என்ற பெயரில் இருக்கும். உறவும் எண்ணும் போதும்: "அவசரம்: அண்ணன்", பக்கத்தில் எண். அதையே ஆங்கிலத்திலும் எழுதுங்கள். நெடுஞ்சாலையில் உதவ நிற்பவர் ஒடிசாவிலிருந்தோ ராஜஸ்தானிலிருந்தோ வந்த டிரைவராக இருக்கலாம். மருந்து ஒவ்வாமை இருந்தால் அதையும் இரண்டு சொல்லில் சேர்த்துவிடுங்கள்.

ஐபோனில் எண்ணை எழுதிய படத்தை வால்பேப்பராக வையுங்கள். நோட்டிஃபிகேஷன்கள் கீழிருந்து வந்து மறைக்கும் என்பதால், எழுத்து கடிகாரத்துக்குச் சற்றுக் கீழே, திரையின் மேல்பாதியில் இருக்கட்டும்.

இதில் இன்னொரு பலனும் உண்டு. என் மனைவி போன மாதம் பஸ்ஸில் போனைத் தவறவிட்டாள். எடுத்த கண்டக்டர் லாக் ஸ்கிரீனைப் பார்த்து எனக்கு அழைத்தார்.

சோதனை

போனைப் பூட்டி, இதைப் பற்றி எதுவுமே தெரியாத ஒருவரிடம் கொடுங்கள். வழி சொல்லாதீர்கள். அவர் எண்ணைக் கண்டுபிடித்து அழைத்து, உங்கள் வீட்டாரின் போன் ஒலித்தால்தான் வேலை முடிந்தது. நீங்களே சோதித்தால் உங்கள் விரல் தெரிந்த வழியில் போய்விடும். அவசர உதவி எண்ணான 112-ஐ மட்டும் சோதனைக்காக அழைக்காதீர்கள், அங்கே உண்மையிலேயே உயிருக்குப் போராடும் ஒருவர் வரிசையில் இருப்பார்.

அப்பாவின் பட்டன் போன்

இதில் லாக் ஸ்கிரீன் வரி கிடையாது. பூட்டும் பெரும்பாலும் ஸ்டார் கீயோடு சரி. அதனால் இங்கே பழைய ஐசிஇ யோசனை அப்படியே பொருந்தும். பெயரை ஏ என்ற ஆங்கில எழுத்து இரண்டோடு தொடங்கி, அதற்குப் பின் 'மகன்' என்று போட்டேன், பட்டியலில் முதலாவதாக வந்து நிற்கிறது. 2017-லிருந்து இந்தியாவில் விற்கும் போன்களில் அவசர பட்டன் கட்டாயம்: பட்டன் போனில் 5 அல்லது 9-ஐ அழுத்திப் பிடித்தால் 112-க்குப் போகும், ஸ்மார்ட்போனில் பவர் பட்டனை மூன்று முறை அழுத்தும் வழி சொல்லப்பட்டிருக்கிறது. புதிய ஆண்ட்ராய்டுகளிலும் சில ஐபோன் அமைப்புகளிலும் ஐந்து முறை. உங்கள் போனில் எத்தனை என்று செட்டிங்ஸிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

போனின் பின்னால் வெள்ளைப் பிளாஸ்டர் ஒட்டி, மார்க்கரில் என் எண்ணை எழுதிவிட்டேன். என் ஹெல்மெட்டின் உட்புறத்திலும் அப்படித்தான். க்யூஆர் ஸ்டிக்கர் விற்கிறார்கள். எனக்குப் பிடிக்கவில்லை. அதற்கு நெட் வேண்டும், ஸ்கேன் செய்யத் தோன்ற வேண்டும். மார்க்கரில் எழுதிய பத்து எண்களுக்கு எதுவும் வேண்டாம்.

பின்சேர்க்கை 1: ரீசார்ஜ் முடிந்த போனிலிருந்து அழைப்பு போகுமா என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். நல்ல கேள்வி, எனக்குத் தோன்றவே இல்லை. 112-க்குப் போகும். ஆனால் நீங்கள் வைத்த அண்ணன் எண்ணுக்குப் போவது சாதாரண அழைப்புதான், காலாவதியான சிம்மில் போகாது. அப்போதும் எண் திரையில் தெரிந்தால் எதிரில் இருப்பவர் தன் போனிலிருந்து அழைக்கலாம். வயதானவர்களின் ரீசார்ஜ் தேதியை வீட்டில் யாராவது ஒருவர் பொறுப்பாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை 2: இரவில் சைலண்டில் இருக்கும் போன் பற்றிப் பலர் எழுதியிருந்தீர்கள். அவசரத் தொடர்பாக இருப்பவரின் போனில் செய்ய வேண்டிய வேலை இது. ஐபோனில் உங்கள் காண்டாக்டை எடிட் செய்து, ரிங்டோனுக்குள் 'எமர்ஜென்சி பைபாஸ்' போட வேண்டும். ஆண்ட்ராய்டில் உங்கள் பெயருக்கு ஸ்டார் போட்டு, 'டூ நாட் டிஸ்டர்ப்' அமைப்பில் ஸ்டார் போட்டவர்களை மட்டும் ஒலிக்க அனுமதிக்கலாம். இது உங்கள் போனிலிருந்து வரும் அழைப்புக்குத்தான் உதவும் என்பதை மறக்க வேண்டாம்.

பின்சேர்க்கை 3: அந்த லாரி டிரைவர், நாமக்கல்காரர், போன வாரம் லோடு இறக்கிவிட்டுத் திருச்சி வழியாகத் திரும்பும்போது அழைத்தார். பைபாஸில் ஒரு டீக்கடையில் சந்தித்தோம். "எனக்கும் அதைப் போட்டுக் குடுங்க சார்" என்று போனை நீட்டினார். முதலில் மகளின் எண்ணைச் சொன்னார், பிறகு அவள் பத்தாவதுதான் படிக்கிறாள் என்று யோசித்து, ராசிபுரத்தில் இருக்கும் தம்பியின் எண்ணைச் சொன்னார். லாக் ஸ்கிரீனில் எழுதிக் கொடுத்தேன். போனைப் பூட்டி அவரே எழுந்து போய் டீ மாஸ்டரிடம் நீட்டினார். மாஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்து, "தம்பி நம்பர் இருக்கே, போடவா?" என்றார். ராசிபுரத்தில் போன் ஒலித்தது.