அடுக்கடுக்காய் வரும் அடைப்புக்குறிகளை ரெகெக்ஸில் பிடிப்பது எப்படி

கூட்டு(அ, பெருக்கு(ஆ, இ)) + கழி(ஈ)

இந்த வரியில் 'கூட்டு'க்குப் பின்னால் திறக்கும் அடைப்புக்குறியிலிருந்து அதன் ஜோடி வரைக்கும் எடுக்க வேண்டும். ரெகெக்ஸில் (எழுத்து வரிசைகளைத் தேடிப் பிடிக்கும் பேட்டர்ன் மொழி) எல்லோரும் முதலில் எழுதுவது \(.*\) தான். அது வரியின் கடைசிக் குறி வரை ஓடி, கழி(ஈ)யையும் சேர்த்து விழுங்கிவிடும். சரி, \(.*?\) என்று கேள்விக்குறி போட்டு அடக்கிப் பார்த்தால், (அ, பெருக்கு(ஆ, இ) என்று ஒரு மூடும் குறி குறைவாக நின்றுவிடுகிறது. காரணம், பழைய இலக்கணப்படியான ரெகெக்ஸுக்கு எண்ணத் தெரியாது, எத்தனை குறி திறந்திருக்கிறது என்று நினைவில் வைக்க அதற்கு இடமே இல்லை.

இரண்டு அடுக்குக்கு மேல் வராது என்று உறுதியாகத் தெரிந்தால் இது போதும், ஏறக்குறைய எங்கேயும் ஓடும்:

\((?:[^()]|\([^()]*\))*\)

எத்தனை அடுக்கு வரும் என்று தெரியாவிட்டால் ரிகர்ஷன் (பேட்டர்ன் தனக்குள்ளே தன்னையே கூப்பிடுவது) வேண்டும். பெர்ல், பிஎச்பி இரண்டிலும் உண்டு:

\((?:[^()]++|(?0))*+\)

இங்கே (?0) என்றால் 'இந்த முழு பேட்டர்னையும் இதே இடத்தில் இன்னொரு முறை ஓட்டு' என்று அர்த்தம். ++, *+ இரண்டிலும் கடைசியில் இருக்கும் பிளஸ், பிடித்ததை விட்டுக்கொடுக்காதே என்று சொல்வது; அவற்றை அலட்சியமாக எடுத்துவிடாதீர்கள். இரண்டும் போய்விட்டால், ஒரு குறி மூடாமல் விட்ட நீளமான வரி வரும்போது, பிடித்ததையே விட்டுவிட்டு வேறு வேறு விதமாகப் பிடித்துப் பார்த்துக்கொண்டு புரோகிராம் அப்படியே தொங்கிவிடும்.

நான் மாட்டிக்கொண்டது வேறொரு இடத்தில். ((அ) என்ற தப்பான வரியைக் கொடுத்தாலும் இந்த பேட்டர்ன் உள்ளே இருக்கும் (அ)வைப் பிடித்துக்கொண்டு 'கிடைத்தது' என்று சொல்லும். முழு வரியும் சரியா என்று பார்க்க இருபுறமும் ^ (வரியின் ஆரம்பம்), $ (வரியின் முடிவு) போட வேண்டும், ஆனால் (?0)வை அப்படியே விட்டால் ரிகர்ஷனுக்குள்ளும் வரியின் ஆரம்பத்தையே தேடித் தோற்கும். அதனால் நடுவில் இருப்பதை மட்டும் குரூப்பாக்கி, அந்த முதல் குரூப்பை (?1) என்று கூப்பிடுங்கள்:

^([^()]++|\((?1)*+\))*+$

ஜாவாஸ்கிரிப்ட், ஜாவா, பைத்தானோடு வரும் 'ரீ' (re) மாட்யூல் எதிலும் இந்த ரிகர்ஷன் நடக்காது. பைத்தானில் தனியாக நிறுவும் 'ரெகெக்ஸ்' மாட்யூலில் நடக்கும், ரூபியில் \g<0> மாதிரி வேறு எழுத்துமுறை, டாட்நெட்டில் பேலன்சிங் குரூப் என்று தனி வழி.

மேற்கோளுக்குள் ")" வரக்கூடிய புரோகிராம் கோடு என்றால் ரெகெக்ஸை விட்டுவிடுங்கள். ஒரு லூப், ஒரு கவுண்டர்: திறந்தால் ஒன்று கூட்டு, மூடினால் ஒன்று கழி, மேற்கோளுக்குள் இருக்கும்போது எண்ணாதே, பூச்சியத்துக்குக் கீழே போனால் அங்கேயே பிழை. பத்துப் பதினைந்து வரிதான் வரும்.