இறப்பைப் பதிவு செய்வது எப்படி: 16-ஆம் நாளுக்குக் காத்திருக்காதீர்கள்

நம் வீடுகளில் ஒருவர் இறந்துவிட்டால் காரியம் முடியும்வரை யாரும் காகிதத்தைப் பற்றிப் பேச மாட்டார்கள். வாயெடுத்தாலே "இப்பவே அதுக்கென்ன அவசரம்" என்று பெரியவர்கள் அடக்கிவிடுவார்கள். ஆனால் இறப்பைப் பதிவு செய்யச் சட்டம் தரும் கெடு 21 நாள். 16-ஆம் நாள் காரியத்தை முடித்து, பந்தல் பிரித்து, வந்தவர்களை வண்டி ஏற்றிவிட்டுத் திரும்பினால் கையில் மிஞ்சுவது ஐந்தே நாள். அதில் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் வரலாம்.

அப்பா இறந்தபோது நான் 17-ஆம் நாள் காலையில்தான் கிளம்பினேன். 20-ஆம் நாள் மாலை பதிவு முடிந்தது. அந்த நான்கு நாள் அலைச்சலில் தெரிந்துகொண்டதை, இனி அலையப் போகிறவர்களுக்காக எழுதிவைக்கிறேன். இது தமிழ்நாட்டு நடைமுறை. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969-இல் வந்தது, நாடு முழுமைக்கும் ஒன்றுதான். அதில் 2023-இல் செய்த திருத்தங்கள் அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. இணையத்தில் கிடைக்கும் பழைய விளக்கங்கள் பலவற்றில் இந்தத் திருத்தங்கள் இல்லை.

முதலில்: எந்த அலுவலகம்?

நான் தடுக்கி விழுந்தது இங்கேதான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அப்பா எங்கள் கிராமத்துக்காரர். ஆதார், ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை எல்லாம் கிராமத்து முகவரியில்தான். ஆனால் கடைசி இரண்டு மாதம் அக்கா வீட்டில் இருந்தார், உயிர் பிரிந்ததும் அங்கேதான். அது நகராட்சி எல்லைக்குள் இருக்கும் வீடு. அன்றைக்கே ஊருக்குக் கொண்டுவந்து எங்கள் மயானத்தில் தகனம் செய்தோம். ஊர்க்காரர், ஊரிலேயே தகனம், அதனால் ஊரில்தான் பதிவு என்று நான் நினைத்தேன். 17-ஆம் நாள் வி.ஏ.ஓ. அலுவலகத்தில் போய் நின்றேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "தம்பி, உயிர் எங்க போச்சு?"

அதுதான் விதி. நிரந்தர முகவரியோ, எரித்த இடமோ, புதைத்த இடமோ கணக்கில் வராது. இறப்பு எந்த எல்லைக்குள் நிகழ்ந்ததோ அந்த எல்லையின் பதிவாளரிடம்தான் பதிய வேண்டும். கிராம ஊராட்சி என்றால் வி.ஏ.ஓ. பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி என்றால் அந்தந்த அலுவலகத்தின் சுகாதாரப் பிரிவு. பெரும்பாலும் சுகாதார ஆய்வாளரைத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

ஆஸ்பத்திரியில் சிகிச்சையில் இருக்கும்போது இறந்தால் தகவல் தரும் பொறுப்பு ஆஸ்பத்திரியுடையது. நீங்கள் தனியாகப் போய்ப் பதிய வேண்டியதில்லை. ஆனால் "அவங்க பார்த்துக்குவாங்க" என்று விட்டுவிடவும் கூடாது. தகவல் அனுப்பியாயிற்றா, எந்தப் பெயரில் அனுப்பினார்கள் என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். டிஸ்சார்ஜ் சமயத்தில் கையில் தரும் மரணச் சுருக்கத்தையே இறப்புச் சான்றிதழ் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது மருத்துவமனையின் காகிதம் மட்டுமே. வங்கியும் தாலுகா அலுவலகமும் கேட்பது பதிவாளர் தரும் சான்றிதழை.

ஓடும் வண்டியில் உயிர் போயிருந்தால் தகவல் தர வேண்டியவர் அந்த வண்டிக்குப் பொறுப்பானவர். வண்டி முதலில் நின்ற இடம் எந்த எல்லையோ, அங்கே பதிவு. ஆஸ்பத்திரி வாசலில் "கொண்டு வரும்போதே உயிர் இல்லை" என்று எழுதிக் கொடுத்தால், அதை அந்த ஆஸ்பத்திரியில் நடந்த இறப்பாகப் பதியமாட்டார்கள். வீட்டிலேயே உயிர் பிரிந்திருந்தால் வீடு இருக்கும் எல்லைக்குத்தான் போக வேண்டும். அந்தச் சீட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், பதிவாளர் கேட்பார்.

யார் போய்ச் சொல்வது?

வீட்டில் நடந்த இறப்புக்குக் குடும்பத் தலைவர். அவர் இல்லாவிட்டால் அங்கிருந்த நெருங்கிய உறவினர். எங்கள் விஷயத்தில் அக்கா வீட்டில் நடந்ததால் அத்தான் போய்த் தகவல் கொடுத்தார், நான் கூட இருந்தேன். விடுதி, லாட்ஜ் என்றால் அதன் பொறுப்பாளர். சிறை என்றால் சிறை அதிகாரி. பொது இடத்தில் கிடந்த உடல் என்றால் கிராமத்தில் கிராம அலுவலர், மற்ற இடங்களில் காவல் நிலையப் பொறுப்பாளர்.

மருத்துவர் சான்று

கடைசி நோயில் பார்த்துவந்த மருத்துவர் இறப்பின் காரணத்தை எழுதித் தர வேண்டும். ஆஸ்பத்திரி இறப்புக்குப் படிவம் 4, வீட்டு இறப்புக்குப் படிவம் 4ஏ. இதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. 2023 திருத்தத்துக்குப் பிறகு நெருங்கிய உறவினருக்கும் ஒரு நகல் தர வேண்டும். அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். காப்பீடு ஏதாவது இருந்தால் பின்னால் உதவும்.

அப்பாவைப் பார்த்துவந்த மருத்துவர் தன் லெட்டர்பேடில் "இதயம் நின்றதால் மரணம்" என்று ஒரே வரி எழுதிக் கொடுத்திருந்தார். சுகாதார ஆய்வாளர் அதைப் படித்துவிட்டு, "யாருக்கும் கடைசியில இதயம் நிக்கத்தான் செய்யும், எதனால நின்னுச்சுன்னு வேணும்" என்றார். அவர் சொன்னது சரிதான். படிவத்தின் முதல் பகுதி ஒரு சங்கிலி மாதிரி. முதல் வரியில் உடனடிக் காரணம், அடுத்த வரியில் அதைக் கொண்டுவந்தது எது, கடைசி வரியில் எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த மூல நோய். எடுத்துக்காட்டாக: நிமோனியா, அதற்குக் காரணம் பக்கவாதம், அதற்குக் காரணம் நீண்டநாள் ரத்தக் கொதிப்பு. ஒவ்வொன்றும் எத்தனை நாளாக, எத்தனை வருடமாக இருந்தது என்று பக்கத்தில் எழுத இடம் உண்டு. இந்தச் சங்கிலியில் நேராக வராமல் உடம்பைப் பலவீனப்படுத்திய சர்க்கரை போன்றவை இரண்டாம் பகுதியில் வரும். இதயம் நின்றது, மூச்சு நின்றது என்பதெல்லாம் இறக்கும் விதம்தானே தவிர காரணம் ஆகாது. மருத்துவரிடம் மறுபடி போய், படிவத்திலேயே எழுதி வாங்கிவர ஒரு நாள் போயிற்று.

வீட்டில் யாராவது ரொம்ப நாளாகப் படுக்கையில் இருந்தால், பார்த்துவரும் மருத்துவரிடம் படிவம் 4ஏ வைத்திருக்கிறாரா என்று முன்கூட்டியே கேட்டுவைப்பதில் தவறில்லை. கேட்கவே மனசு வராது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் கேளுங்கள்.

இன்னொன்று. நமக்குக் கிடைக்கும் இறப்புச் சான்றிதழில் காரணம் அச்சாகாது. பதிவேட்டில் இருக்கும் காரணத்தை நகலில் யாருக்கும் வெளியிடக் கூடாது என்று சட்டம் தடுத்திருக்கிறது. நோயின் பெயர் வெளியே தெரிந்துவிடுமோ என்று பயந்து மருத்துவரிடம் மாற்றி எழுதச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பயமே வேண்டாம்.

படிவம் 2

இதுதான் இறப்புத் தகவல் படிவம். இரண்டு பகுதி. ஒன்று சட்டப் பகுதி: பெயர், பாலினம், இறந்த தேதி, இடம், வயது, தாய், தந்தை அல்லது கணவர் பெயர், முகவரி, தகவல் தருபவர் விவரம். சான்றிதழில் வருவதெல்லாம் இதிலிருந்துதான். மற்றது புள்ளிவிவரப் பகுதி: மதம், தொழில், என்ன மாதிரி சிகிச்சை கிடைத்தது, புகைப்பழக்கம், புகையிலை, பாக்கு, மது, எத்தனை வருடமாக. "அப்பா பாக்கு போடுவாரா, எத்தனை வருஷமா?" என்று அந்த அலுவலர் கேட்டபோது எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. நினைவு தெரிந்த நாளிலிருந்து அவர் வேட்டி மடிப்பில் அந்தச் சின்னத் தகர டப்பா இருந்தது. அத்தான்தான் "நாற்பது வருஷம் போடுங்க" என்றார். அந்தப் பகுதி சான்றிதழில் வராது, கணக்கெடுப்புக்குப் போகிறது. உண்மையையே சொல்லுங்கள்.

பெயர்: இங்கே ஒரு மணி நேரம் செலவழியுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். போவதற்கு முன் ஆதார், வங்கிப் புத்தகம், ஓய்வூதியப் புத்தகம், பட்டா, காப்பீட்டுப் பத்திரம் எல்லாவற்றையும் ஒரே பாயில் பரப்பி வைத்து, பெயர் ஒவ்வொன்றிலும் எப்படி இருக்கிறது என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். அப்பா பெயர் ஆதாரில் 'ன்' என்று முடிந்தது, ஓய்வூதியப் புத்தகத்தில் 'ம்' என்று முடிந்தது. பட்டாவில் தமிழ் இனிஷியல், வங்கியில் ஆங்கில இனிஷியல், அதுவும் பெயருக்குப் பின்னால். சான்றிதழில் எது வருகிறதோ அதோடுதான் மற்ற எல்லாவற்றையும் ஒப்பிடப் போகிறார்கள்.

நாங்கள் ஆதாரில் உள்ளபடியே கொடுத்தோம், தந்தை பெயரை இனிஷியலாக விடாமல் முழுசாக எழுதினோம். என் கருத்தும் அதுதான்: ஆதாரை ஒட்டிப் போங்கள், இனிஷியலை விரித்து எழுதுங்கள். ஒரு வெள்ளைத்தாளில் பெயர், தாய் பெயர், தந்தை பெயர், முகவரி, தேதி எல்லாவற்றையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் பெரிய எழுத்தில் எழுதி அலுவலரிடம் கொடுத்துவிடுங்கள். வாயால் சொல்லச் சொல்ல அவர் தட்டச்சு செய்தால் பிழை வரும். கணினியில் ஏற்றுவதற்கு முன் "ஒரு தடவை பார்த்துக்கட்டுமா சார்" என்று கேளுங்கள். யாரும் மறுத்ததில்லை.

நாங்கள் அப்படிப் பார்த்தும் பாட்டி பெயரில் ஒரு எழுத்து தப்பிவிட்டது. பிறகு திருத்தம் கேட்டோம். பதிவேட்டில் பழையதை அழிக்க மாட்டார்கள். பழையது அப்படியே இருக்க, ஓரத்தில் திருத்தக் குறிப்பு எழுதுவார்கள். எழுத்துப் பிழை என்று பதிவாளருக்குத் திருப்தியானால் அவரே செய்துவிடலாம். தேதி, ஆள் போன்ற அடிப்படை விவரமே தவறு என்றால் விஷயம் தெரிந்த நம்பகமான இருவர் உறுதிமொழி தர வேண்டும்.

புரோக்கர் வேண்டாம். அலுவலக வாசலிலேயே நிற்பார்கள், "நாளைக்கே வாங்கித் தர்றேன்" என்பார்கள். 21 நாளுக்குள் பதிவு இலவசம், தகவல் கொடுத்தவருக்கு முதல் சான்றிதழும் இலவசம். பதிவு முடிந்த ஏழு நாளுக்குள் அதைத் தர வேண்டும் என்பது இப்போது சட்டத்திலேயே இருக்கிறது. கணினிச் சான்றிதழ் கிடைத்ததும் போனில் மட்டும் வைக்காமல் மின்னஞ்சலிலும் போட்டுவையுங்கள். பத்து பிரிண்ட் எடுத்துக்கொள்ளுங்கள், எல்லாம் செலவாகிவிடும்.

21 நாள் தாண்டிவிட்டால்

பதறவேண்டாம், பதிவு செய்யவே முடியாது என்பது கிடையாது. 21-க்கு மேல் 30 நாள் வரை தாமதக் கட்டணத்தோடு பதிவாளரே பதிவார். 30 நாளுக்கு மேல் ஓராண்டு வரை பிறப்பு இறப்புப் பதிவுக்கான மாவட்டப் பதிவாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். (பத்திரப்பதிவுத் துறையிலும் மாவட்டப் பதிவாளர் என்று ஒருவர் உண்டு. அவர் வேறு, அங்கே போய் நிற்காதீர்கள்.) முன்பு இதற்கு நோட்டரி பிரமாணப் பத்திரம் கேட்பார்கள், திருத்தத்துக்குப் பிறகு சுயசான்றொப்பமிட்ட ஆவணம் போதும். ஓராண்டுக்கு மேல் போனால் முன்பு முதல் வகுப்பு நீதித்துறை நடுவரின் உத்தரவு தேவைப்பட்டது. இப்போது மாவட்ட ஆட்சியர், கோட்டாட்சியர் போன்ற நிர்வாக நடுவர் விசாரித்து உத்தரவு தருவார். மயான ரசீது, மருத்துவச் சீட்டுகள், தேதி போட்ட கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் என்று எது இருந்தாலும் எடுத்துப் போங்கள்.

பதிவாளர் மறுத்தால் 30 நாளுக்குள் மாவட்டப் பதிவாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். அவர் 90 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

பின்சேர்க்கை

இதைப் படித்துவிட்டுச் சிலர் கேட்டதற்குப் பதில்கள்.

விபத்து, தற்கொலை, பாம்புக்கடி என்றால்? முதலில் காவல் நிலையம், பிறகு பிரேதப் பரிசோதனை. உடலை அவசரமாக அடக்கம் செய்துவிடாதீர்கள். ஆனால் விசாரணை முடியட்டும் என்று பதிவைத் தள்ளிப்போட வேண்டாம். மருத்துவர் படிவத்திலேயே 'விசாரணையில்' என்று குறிக்க இடம் இருக்கிறது.

வெளிநாட்டில் இறந்தவருக்கு? அந்த நாட்டுச் சான்றிதழை வாங்கிக்கொண்டு அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்யுங்கள். அங்கே செய்த பதிவு நம் சட்டப்படி செல்லும். ஊர் வி.ஏ.ஓ.விடம் கேட்டு அவரைச் சங்கடப்படுத்த வேண்டாம்.

காணாமல் போனவர்? ஏழு ஆண்டு எந்தத் தகவலும் இல்லை என்றாலும் நேராகப் போய்ப் பதிய முடியாது. நீதிமன்றத்தில் இறந்ததாக உத்தரவு பெற வேண்டும். அதற்குப் போலீஸ் புகார் நகல் மிக முக்கியம்.

வாரிசு சான்றிதழும் இதுவும் ஒன்றா என்று ஒரு தங்கை கேட்டிருந்தார். இல்லைம்மா. இது பதிவாளர் தருவது. வாரிசு சான்றிதழ் வட்டாட்சியர் தருவது, இ-சேவை வழியாக விண்ணப்பிக்கலாம். இந்தச் சான்றிதழ் கையில் இருந்தால்தான் அதற்கு விண்ணப்பிக்கவே முடியும். உங்கள் அப்பா இறந்து 12 நாள்தான் ஆகிறது என்று எழுதியிருந்தீர்கள். காரியம் முடியட்டும் என்று இருக்காமல் நாளைக் காலையிலேயே அண்ணனை அனுப்பிவையுங்கள்.