குழந்தையின் வளர்ச்சித் தாமதத்தை நேரத்தோடு கண்டறிதல்: ஒன்ராறியோவுக்குப் புதிதாக வந்த பெற்றோருக்கு

ஒன்ராறியோவில் பிறக்கும் குழந்தைக்குப் பிறந்த சில நாட்களிலேயே செவிப்புலன் சோதனை செய்யப்படுகிறது. பின்னர் 2, 4, 6, 12, 15, 18 மாதங்களில் தடுப்பூசிக்காகக் குடும்ப வைத்தியரிடம் போகும்போது, அதன் வளர்ச்சியும் கூடவே கவனிக்கப்படுகிறது. இரண்டு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்தோ சென்னையிலிருந்தோ வந்திறங்கும் குழந்தை இந்த வரிசைக்குள் இல்லை. பெற்றோர் கேட்காவிட்டால் அதை யாரும் அழைத்துப் பார்க்கப்போவதில்லை என்பதால், குடும்ப வைத்தியரிடம் முதன்முறை போகும்போதே, ஊரிலிருந்து கொண்டுவந்த கிளினிக் கொப்பியையும் தடுப்பூசி விபரங்களையும் காட்டி, வளர்ச்சியையும் சோதிக்கும்படி வாய்விட்டுக் கேளுங்கள்.

இங்கே 18 மாதச் சோதனைக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. அன்று வைத்தியர் ஊசி போடுவதோடு நிறுத்தாமல், ‘லுக்சீ’ எனப்படும் வினாக்கொத்தைப் பெற்றோரிடம் நிரப்பக் கொடுத்து, பிள்ளை எதைச் செய்கிறது, எதைச் செய்யவில்லை என்று பேச வேண்டும். ‘இல்லை’ என்று எழுத நேர்ந்தால் அது நோய் என்றாகிவிடாது. மேலும் பார்க்க வேண்டும் என்பதே அதன் பொருள். வைத்தியருக்கு முன்னால் பிள்ளையை விட்டுக்கொடுக்கக் கூடாது என்ற எண்ணத்தில், எப்போதோ ஒருமுறை செய்ததையும் ‘ஆம்’ என்று குறிப்பவர்கள் நம்மில் பலர். அதனால் இழப்பு பிள்ளைக்குத்தான்.

எதைக் கவனிப்பது? மூன்று மாதம் கடந்தும் முகம் பார்த்துச் சிரிக்காதது, ஒன்பது மாதமாகியும் பிடிமானமின்றி உட்காராதது, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாதது, ஒரு வயதாகியும் மழலை ஒலிகளோ கையசைப்போ இல்லாதது, 18 மாதமாகியும் நடக்காதது, இரண்டு வயதில் “அம்மா வா”, “பால் தா” என்று இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசாதது ஆகியவை வைத்தியரிடம் சொல்ல வேண்டியவை. குறைமாதத்தில் பிறந்த குழந்தையானால், இரண்டு வயது வரை, பிறந்த நாளிலிருந்து அல்லாமல் பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து வயதைக் கணக்கிட வேண்டும். ஒரு வயதுக்கு முன்பே குழந்தை ஒரு கையை மட்டும் பயன்படுத்தினால், இடக்கைப் பழக்கம் என்று ரசித்துக்கொண்டிருக்காதீர்கள்; மற்றக் கையில் பலவீனம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சொல்லிக்கொண்டிருந்த சொற்களையோ செய்துகொண்டிருந்த செயல்களையோ பிள்ளை விட்டுவிட்டால், எந்த வயதிலும் காத்திருக்கலாகாது.

பேச்சை விடவும் நுணுக்கமாகப் பார்க்க வேண்டியது சுட்டிக்காட்டுதல். ஒன்றரை வயதுப் பிள்ளை வானத்தில் விமானத்தைக் கண்டால் விரலை நீட்டிக் காட்டி, உடனே திரும்பி அம்மாவின் முகத்தைப் பார்க்கும். தான் கண்டதை அம்மாவும் கண்டாளா என்று தெரிந்துகொள்வதற்காக. அதே வயதில் இன்னொரு பிள்ளை, ஜூஸ் வேண்டுமானால் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் வைக்கும், ஆனால் அவள் முகத்தைப் பார்க்காது. வேண்டியதைக் கேட்டு வாங்குகிறதே, கெட்டிக்காரப் பிள்ளை என்று வீட்டார் நினைப்பார்கள். கேட்டுப் பெறுவது வேறு, கண்டதைப் பகிர்ந்துகொள்வது வேறு. பிறரோடு பழகுவதையும் தொடர்பாடலையும் பாதிக்கும் வளர்ச்சி நிலையான ஓட்டிசத்தை ஆராய்பவர்கள் முதலில் விசாரிப்பது இரண்டாவதைத்தான். இத்தகைய காட்சிகளைக் கைத்தொலைபேசியில் சிறிது நேரம் பதிவுசெய்து எடுத்துச் செல்லுங்கள். வைத்தியர் அறையில் சில நிமிடங்கள் அழுதுகொண்டிருக்கும் பிள்ளையைப் பார்ப்பதைவிட அது அவருக்கு அதிகம் சொல்லும்.

“ஆம்பிளைப் பிள்ளை பிந்தித்தான் கதைக்கும், தகப்பனும் அப்படித்தான்” என்ற ஆறுதல் எல்லா வீட்டிலும் கிடைக்கும். சில பிள்ளைகள் பிந்திப் பேசி மற்றவர்களை எட்டிப்பிடிப்பதும் உண்மை. ஆனால் எந்தப் பிள்ளை எட்டிப்பிடிக்கும் என்பதை வீட்டிலிருந்து சொல்ல முடியாது. வசம்பையும் தேனையும் நாவில் தடவுவது பேச்சைக் கொண்டுவராது. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தேன் ஆபத்தானது என்பதையும் இவ்விடத்தில் சொல்லிவிட வேண்டும். மறுபுறம், வீட்டில் தமிழும் வெளியில் ஆங்கிலமும் கேட்பதால்தான் பிள்ளை பேசவில்லை என்று யாராவது சொன்னால், அதை ஏற்றுக்கொண்டு தமிழை நிறுத்திவிடாதீர்கள். இரண்டு மொழிகள் பேச்சுத் தாமதத்தை உண்டாக்குவதில்லை. பிள்ளைக்குத் தெரிந்த சொற்களை எண்ணும்போது இரு மொழிச் சொற்களையும் சேர்த்தே எண்ண வேண்டும். பேச்சு பிந்தும் எந்தப் பிள்ளைக்கும் செவிப்புலன் சோதனை அவசியம். கதவு அடிபடும் சத்தத்துக்குத் திரும்புகிறது என்பதால் மட்டும் காது சரி என்று முடிவுசெய்ய முடியாது.

பாடசாலை வயதை எட்டாத பிள்ளைகளுக்கு மாகாண அரசின் பேச்சு, மொழிச் சேவை இலவசமாகக் கிடைக்கிறது. அதற்கு வைத்தியரின் கடிதம் தேவையில்லை. பெற்றோரே நேரடியாக அழைத்துப் பதியலாம். நடப்பது, கைகளைப் பயன்படுத்துவது, பழகுவது பற்றிய கவலைகளுக்குச் சிறுவர் சிகிச்சை நிலையங்களில் உள்ள ‘ஸ்மார்ட்ஸ்டார்ட்’ மையங்களை அணுகலாம். ரொறன்ரோவில் ஹொலன்ட் புளோர்வியூவும், பீல் பகுதியில் எரினோக்கிட்ஸும், டூரம் பகுதியில் கிராண்ட்வியூவும் அத்தகைய நிலையங்கள். எங்கே அழைப்பது என்று குழப்பமாக இருந்தால், சமூகச் சேவைகள் பற்றிய தகவல் தரும் 211 என்ற தொலைபேசி இலக்கத்தை அழுத்துங்கள். எங்கு அழைத்தாலும் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஓஹிப் எனப்படும் மாகாணச் சுகாதாரக் காப்புறுதி அட்டை இன்னும் கிடைக்காதவர்கள் அருகிலுள்ள சமூக சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம். அகதிக் கோரிக்கையாளருக்கு மத்திய அரசின் இடைக்காலச் சுகாதாரத் திட்டம் உண்டு.

எல்லாச் சேவைகளுக்கும் காத்திருப்போர் பட்டியல் இருக்கிறது. ஓட்டிசத்துக்கான மாகாணத் திட்டத்தில் அது பல பத்தாயிரம் பிள்ளைகளைக் கொண்டது. அங்கே பதிவுசெய்த திகதியின் வரிசையிலேயே அழைப்பு வருவதால், ஓட்டிசம் என்று எழுத்தில் உறுதியானவுடன் அன்றைக்கே பதிந்துவிடுங்கள். காத்திருக்கும் காலத்தில், சிறு பிள்ளைகளும் பெற்றோரும் சேர்ந்து விளையாடிப் பழகும் ‘ஏர்லிஒன்’ நிலையங்களுக்குப் பிள்ளையை அழைத்துச் செல்லலாம். அவை ஆறு வயது வரையான பிள்ளைகளுக்கு இலவசம், அங்குள்ள பணியாளர்களும் உங்கள் ஐயங்களைக் கேட்பார்கள்.

வெளியே பேசப்படாத அச்சமொன்று உண்டு: பிள்ளைக்குக் குறை என்று எழுதப்பட்டால் நிரந்தர வதிவிடம் கிடைக்காமல் போகுமோ என்பது. மருத்துவச் செலவைக் காரணம்காட்டி மறுக்கும் விதியைக் கனடா 2018இல் தளர்த்தி, விசேட கல்வியையும் சமூகச் சேவைகளையும் அக்கணக்கிலிருந்து நீக்கியது. அகதிகளாக ஏற்கப்பட்டவர்களின் பிள்ளைகளுக்கும், குடும்ப அனுசரணையில் வரும் பிள்ளைகளுக்கும் செலவு பற்றிய அந்த விதி பொருந்துவதே இல்லை. வேறு வகையில் விண்ணப்பித்திருப்பவர்கள் குடிவரவுச் சட்டத்தரணி ஒருவரிடம் கேட்டுத் தெளியலாம். ஆனால் அதற்காகப் பிள்ளையின் சோதனையைத் தள்ளிப்போட வேண்டாம்.

நான்கு வயதாகும் ஆண்டின் செப்ரெம்பரில் பிள்ளை இளநிலைப் பாலர் வகுப்பில் சேரலாம். பதிவுசெய்யும்போதே கவலைகளை அதிபரிடம் சொல்லி, கையிலுள்ள அறிக்கைகளின் பிரதிகளையும் கொடுத்துவிட்டால், வகுப்பில் தேவையான உதவியை ஒழுங்குசெய்யப் பாடசாலைக்குச் சில மாதங்கள் கிடைக்கும்.